மார்ஷல் வார்டு: பயிர் நோயின் அந்தரங்கம் கண்ட அறிஞர்

ஒரு தேசத்தின் செல்வத்தைச் சூறையாட வரும் சத்துரு, குதிரைப்படையும் பீரங்கியும் கொண்டுதான் வரவேண்டுமென்ற நியதியில்லை. கண்ணுக்குப் புலப்படாத தூளாகக் காற்றிலேறி வந்து, பச்சை இலையின் அடிப்புறத்தில் தங்கி, சில வருஷங்களுக்குள் லட்சக்கணக்கான ஏக்கர் பயிரைப் பாழாக்கிவிடும் சத்துருவும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலங்கை மலைநாட்டுக் காப்பித் தோட்டங்களை அழித்த இலைத்துரு நோய் அத்தகையது. அந்நோயை உண்டாக்கும் பூஞ்சக்காளான் இலைக்குள் எவ்வாறு புகுகிறது, புகுந்தபின் செடியின் ஜீவ காரியங்களை எவ்வாறு தன் வசப்படுத்திக் கொள்ளுகிறது என்பதை முறைப்படி ஆராய்ந்து நிரூபித்தவர் ஹாரி மார்ஷல் வார்டு. பயிர் நோய் சாஸ்திரம் இன்று அடைந்திருக்கும் வளர்ச்சிக்கு அஸ்திவாரமிட்ட சிலருள் அவர் ஒருவர். அவருடைய வாழ்க்கை வரலாற்றைச் சுருக்கமாக இங்கு எடுத்துரைப்போம்.

இங்கிலாந்தில் பிறந்த ஒருவர் இலங்கையில் காப்பிச் செடியை ஆராய்ந்த கதை, தாமிரபரணிக் கரையில் நெல்லும் வாழையும் பயிரிட்டு வாழும் ஏரல் வட்டாரத்தாருக்கு எதற்கு என்று வாசகர்களில் சிலர் வினவக்கூடும். அதற்கு இரண்டு காரணங்கள் சொல்வோம். அந்தக் காப்பித் தோட்டங்களில் உழைத்தவர்கள் தமிழ் மக்கள். 1876-ம் வருஷத்தில் ரயில் பாதை தூத்துக்குடி வரை வந்து சேர்ந்தது. அதே வருஷத்தில் தென்னாட்டைப் பீடிக்கத் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் 1878 வரையில் நீடித்தது. பிழைப்பைத் தேடிக் கடல் கடந்து இலங்கை சென்றவர்களில் நம் சீமையாரும் பலர். ஆகையால் காப்பியின் அழிவு நம்மவர் வயிற்றில் விழுந்த அடியாகும். இரண்டாவது காரணம் இன்னும் நெருங்கியது. காப்பி இலையைக் கெடுத்த காளானுக்கு உறவான பல காளான்கள் நமது நெல்லிலும் வாழையிலும் பருத்தியிலும் இன்றும் குடியிருக்கின்றன. அவற்றின் போக்கை அறிவதற்கு வார்டு காட்டிய வழியே இன்றளவும் வழியாக இருந்து வருகிறது.

வார்டு 1854-ம் வருஷம் மார்ச்சு மாதம் 21-ந் தேதி இங்கிலாந்தில் ஹெரிபோர்டு நகரத்தில் பிறந்தார். தந்தையார் சங்கீதத்தால் ஜீவனம் செய்தவர். குடும்பம் செல்வக் குடும்பமன்று. ஆகவே தங்குதடையின்றிக் கல்வி கற்கும் பாக்கியம் மைந்தருக்குக் கிட்டவில்லை. எனினும் விடாமுயற்சியால், ஹக்ஸ்லி என்னும் பிரசித்தி பெற்ற விஞ்ஞானி லண்டன் தென் கென்சிங்டனில் நடத்தி வந்த வகுப்பில் சேர்ந்து பயின்றார். பின்னர் மாஞ்செஸ்டர் ஓவன்ஸ் கலாசாலையிலும் கற்று, உபகாரச் சம்பளம் பெற்றுக் கேம்பிரிட்ஜ் கிறைஸ்ட் கலாசாலையில் புகுந்தார். 1879-ம் வருஷத்தில் இயற்கை விஞ்ஞானப் பரீட்சையில் முதல் வகுப்பில் தேறினார். அதன்பின் ஜெர்மனிக்குச் சென்று வூர்ட்ஸ்பர்க் நகரத்தில் ஜூலியஸ் ஸாக்ஸ் என்னும் ஆசிரியரிடம் மாணவராக அமர்ந்தார்.

இந்த ஸாக்ஸ் என்பவரே, இலையில் சூரிய வெளிச்சம் படும்பொழுது அங்கே மாவுச்சத்து உண்டாகிறது என்பதைப் பரிசோதனைகளால் உறுதிப்படுத்தியவர். இலை என்பது மரத்திற்கு அழகுக்காக அமைந்த உறுப்பன்று. காற்றிலுள்ள கரியமில வாயுவையும் வேர் அனுப்பும் தண்ணீரையும் கொண்டு, வெளிச்சத்தின் பலத்தால் உணவு சமைக்கும் அடுக்களை அது. மரத்தின் வேரும் தண்டும் பூவும் காயும் அந்த அடுக்களையை நம்பியே உயிர் வாழ்கின்றன. இந்த உண்மையை நேரில் கற்றறிந்த மாணவர், இலையைத் தாக்கும் நோய் ஒன்றை ஆராயப் புறப்பட்டது தற்செயலாக நேர்ந்ததாயினும், உலகத்திற்கு மிகவும் நன்மையாக முடிந்தது.

அப்பொழுது இலங்கையின் நிலைமை யாது? மலைச்சரிவுகளிலிருந்த காடுகளை வெட்டியெறிந்துவிட்டு, வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் கண்ணுக்கெட்டிய தூரம் வரையில் காப்பி ஒன்றையே பயிரிட்டிருந்தனர். 1870-ம் வருஷத்தை ஒட்டிய காலத்தில் அத்தீவிலிருந்து வருஷத்திற்குச் சுமார் பத்துக் கோடி ராத்தல் காப்பி ஏற்றுமதியாயிற்று. ஆனால் 1869-ம் வருஷத்திலேயே மடுல்சீமைப் பகுதியில் இலைகளின் அடிப்புறத்தில் ஆரஞ்சு நிறமான தூள் படிந்த புள்ளிகள் காணப்பட்டன. பேராதனைத் தோட்டத்தின் தலைவராயிருந்த துவெய்ட்ஸ் என்பவர் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்ப, அங்கே பெர்க்லி என்னும் காளான் நூல் வல்லவர் அதைப் புதிய இனமென்று கண்டு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் எனப் பெயரிட்டார். அப்பெயரின் பிற்பகுதிக்கு நாசகாரி என்பது பொருள். முதலில் அதை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. விலை ஏறிக்கொண்டிருந்தமையால் விளைச்சல் குறைந்தபோதிலும் லாபம் குறையவில்லை. புதிய காடுகள் வெட்டப்பட்டன. புதிய தோட்டங்கள் எழுந்தன. 1878-ம் வருஷத்தில் காப்பி நிலம் சுமார் 2,75,000 ஏக்கராக இருந்தது. நோயும் அதற்கேற்பப் பரவிக்கொண்டேயிருந்தது. இறுதியில் இலங்கைச் சர்க்கார் விழித்துக்கொண்டு, நோயை ஆராய்வதற்கென்று இரண்டு வருஷத்திற்கு ஓர் உத்தியோகத்தை ஏற்படுத்தினர். அவ்வுத்தியோகத்தை ஏற்று 1880-ம் வருஷத்தில் வார்டு இலங்கைக்கு வந்தார். அப்பொழுது அவர் ஏறக்குறைய இருபத்தாறு வயது இளைஞர்.

வந்தவர் எதிர்ப்பட்டது நோயை மட்டுமன்று, பற்பல அபிப்பிராயங்களையும்கூட. மண் சாரமற்றுப் போனதே நோய்க்குக் காரணமென்றனர் சிலர். எரு போதாமையென்றனர் சிலர். சீதோஷ்ண மாறுதலென்றனர் வேறு சிலர். செடி முதலில் பலவீனமடைகிறது, அதன் பிறகே காளான் தோன்றுகிறது என்று வாதித்தவர்களும் இருந்தனர். இவர்களில் ஒருவரிடத்திலாவது சாட்சியமில்லை. நியாயஸ்தலத்தில் ஒரு வழக்கை நடத்துகிறவன், குற்றவாளி சம்பவ ஸ்தலத்தில் காணப்பட்டான் என்று சொன்னால் போதாது. அவனே அக்குற்றத்தைச் செய்தான் என்று ருசுப்படுத்த வேண்டும். வார்டு செய்தது அதுவே.

அவர் நோயுற்ற இலையிலிருந்து எடுத்த வித்துத்தூளை, நோயற்ற இலையின் அடிப்புறத்தில் தண்ணீர்த் துளியில் வைத்துத் தினந்தோறும் கவனித்தார். தூள் தண்ணீரில் ஊறியதும் ஒரு நாளுக்குள் முளைத்து மெல்லிய நூலிழை ஒன்றை நீட்டியது. இலை சுவாசிப்பதற்காக அடிப்புறத்தில் அமைந்துள்ள நுண்ணிய துவாரங்களில் ஒன்றை அடைந்து, அதன் வழியே உள்ளே நுழைந்தது. உள்ளே சென்றபின் இலையின் உயிரணுக்களுக்கு இடையிலுள்ள சந்துகளில் கிளைத்துப் பரவி, ஒவ்வோர் அணுவுக்குள்ளும் விரல் போன்ற சிறிய உறிஞ்சியைச் செலுத்தியது. இரண்டு மூன்று வாரங்களுக்குள் அதே இடத்தில் மஞ்சள் புள்ளி தோன்றி, புதிய ஆரஞ்சுத் தூள் வெளிப்பட்டது. தூள் வைக்காத இடங்கள் நோயற்றிருந்தன. இங்ஙனம் காளானே காரணமென்பது சந்தேகத்திற்கிடமின்றி நிலைநாட்டப்பட்டது.

ஆயினும் வார்டின் பெருமை இத்துடன் நின்றுவிடவில்லை. இலையில் சில புள்ளிகள் விழுந்தால் பெரிய மரம் ஏன் மெலிய வேண்டும், காய் ஏன் பிஞ்சிலேயே கறுக்க வேண்டும் என்ற கேள்வியை அவர் எழுப்பினார். இதற்கு விடை காண்பதற்கு ஸாக்ஸிடம் கற்ற பாடம் கைகொடுத்தது. ஒரு குடும்பத்தின் வரவு செலவுக் கணக்கைப் போன்றதே மரத்தின் ஜீவியமும். இலை சமைக்கும் உணவு வரவு. வேர், தண்டு, புதுத் தளிர், காய் ஆகியவற்றின் வளர்ச்சி செலவு. காளான் புகுந்த இடத்தில் பச்சையம் கெடுகிறது. அவ்வளவுக்கு வரவு குறைகிறது. மிஞ்சிய பாகம் சமைப்பதிலும் ஒரு பங்கைக் காளான் தனக்கென எடுத்துக்கொள்ளுகிறது. நோய் முற்றிய இலை காலத்திற்கு முன்பே உதிர்ந்துவிடுகிறது. மரமோ உதிர்ந்த இலைகளுக்குப் பதிலாகப் புதுத் தளிர்களைத் தள்ள, தண்டிலும் வேரிலும் சேமித்து வைத்திருந்த முதலை எடுத்துச் செலவிடுகிறது. அந்தத் தளிர்களும் நோய்க்கு இரையாகின்றன. இவ்வாறு இரண்டு மூன்று தடவை நேர்ந்தபின், காய்க்குக் கொடுப்பதற்கு மரத்தினிடம் ஒன்றுமிருப்பதில்லை. காப்பி மரம் நஞ்சுண்டு சாகவில்லை, பட்டினியால் நலிந்தது என்பதே வார்டு கண்ட முடிவின் சாரம். எரு போட்டால் சில காலம் தோட்டம் செழித்தாற்போலத் தோன்றுவதற்கும், பின்னர் மறுபடியும் நலிவதற்கும் காரணம் இதனால் விளங்கிற்று. எரு மரத்திற்குப் புதுத் தளிர் விடும் சக்தியைக் கொடுத்ததேயன்றிக் காளானைத் தடுக்கவில்லை.

நோய் தோட்டத்திலிருந்து தோட்டத்திற்கு எவ்வாறு செல்கிறது என்பதையும் அவர் ஆராய்ந்தார். பசையுள்ள கண்ணாடித் தகடுகளைக் காற்றில் வைத்துப் பார்த்ததில், அவற்றில் காளானின் வித்துத்தூள் ஒட்டியிருக்கக் கண்டார். பருவக் காற்றே அதன் வாகனம் என்பது தெளிவாயிற்று. இடையே காடின்றி, வேறு மரமின்றி, மலைக்கு மலை ஒரே பயிராக வைத்ததனால் அந்த வாகனத்திற்குத் தடையே இல்லாமற் போயிற்று. காட்டை அழித்து ஒற்றைப் பயிரைப் பரப்பியவர்கள், தம்மையறியாமலே சத்துருவுக்கு ராஜபாட்டை போட்டுக் கொடுத்தனர். தோட்டங்களுக்கு இடையே மரவரிசைகளை வைத்துக் காற்றைத் தடுப்பது நலமென்று வார்டு யோசனை கூறினார். ஆனால் அதற்குள் காலம் கடந்துவிட்டது.

தோட்ட முதலாளிகள் அவரிடம் எதிர்பார்த்தது மருந்தை. சுண்ணாம்பும் கந்தகமும் கலந்து தூவும் முறை ஏற்கெனவே பரீட்சிக்கப்பட்டு வந்தது. வார்டு அதை ஆராய்ந்து, இலையின் மேலே கிடக்கும் முளையை அது கொல்லக்கூடுமேயன்றி, உள்ளே புகுந்துவிட்ட காளானை இலையைக் கெடுக்காமல் அழிக்க இயலாதென்றும், ஒரு தோட்டத்தில் தூவினாலும் அடுத்த தோட்டத்திலிருந்து தூள் வந்து சேருமென்றும் தமது அறிக்கைகளில் மறைக்காமல் எழுதினார். கைகண்ட மருந்து தம்மிடம் இல்லை என்பதையும் ஒளிக்கவில்லை. இது முதலாளிகளில் பலருக்குப் பிடிக்கவில்லை. சம்பளம் வாங்கிக்கொண்டு நோய்க்குப் பெயர் சொல்லத்தானா இவர் வந்தார் என்ற எண்ணம் அவர்களுக்கு உண்டாயிற்று. அவர்களை மகிழ்விக்க ஏதேனும் ஒரு கஷாயத்தைச் சிபாரிசு செய்துவிட்டு, நற்சாட்சிப் பத்திரத்துடன் கப்பலேறியிருக்க அவரால் முடியும். அவர் அப்படிச் செய்யவில்லை. இரண்டு வருஷத் தவணை முடிந்ததும் 1882-ம் வருஷத்தில் தாயகம் திரும்பினார்.

அவர் சொன்னதே பலித்தது. தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிடப்பட்டன. அவற்றிற்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் பாங்கு 1884-ம் வருஷத்தில் முறிந்தது. பத்துக் கோடி ராத்தலாயிருந்த ஏற்றுமதி, 1889-ம் வருஷத்தில் ஏறக்குறைய ஐம்பது லட்சம் ராத்தலாகச் சுருங்கிற்று. முதலாளிகளில் பிழைத்தவர்கள் தேயிலைக்கு மாறினர். ஆனால் கங்காணியிடம் முன்பணம் பெற்றுக் கடனோடு சென்ற தமிழ்த் தொழிலாளியின் கதி யாது? முறிந்துபோன தோட்டங்களில் கூலி பாக்கி நின்றது. செடியின் பட்டினி மனிதனின் பட்டினியாயிற்று. காப்பியின் வீழ்ச்சியைப் பற்றி எழுதப்பட்ட கணக்குகளில் முதலாளிகளின் நஷ்டம் பவுன் பவுனாகப் பதியப்பட்டிருக்கிறது. கூலிக்காரரின் நஷ்டத்திற்குப் பேரேடு இல்லை. பயிர் நோய் என்பது விவசாய இலாகாவைச் சேர்ந்த சிறு விஷயம் என்று கருதும் ராஜீயவாதிகள் இதை ஆழ்ந்து சிந்திக்க வேண்டும்.

விதியின் விளையாட்டு என்னவெனில், வார்டு இலங்கையை விட்டு நீங்கிய மூன்றாவது வருஷத்தில், அதாவது 1885-ல், பிரான்சில் மில்லார்டே என்னும் பேராசிரியர் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோக் கலவையைத் திராட்சைக் கொடிக்கு மருந்தாக வெளியிட்டார். காளான் உள்ளே புகுமுன் இலையின் மேலேயே முளையைக் கொல்லுவது அதன் தத்துவம். எந்தச் சமயத்தில் காளானை அடிக்கலாம், எந்தச் சமயத்திற்குப்பின் அடிக்க முடியாது என்று வார்டு வகுத்துக் காட்டிய எல்லைக்கு அது முற்றிலும் பொருந்தியிருந்தது. இலங்கைக் காப்பிக்கு அது காலந்தாழ்த்தி வந்ததேனும், பிற்காலத்தில் நமது தேசத்துக் காப்பித் தோட்டங்களை இதே துருவினின்றும் காத்து வருவதில் அக்கலவை பெரும் பங்கு பெற்றது.

தாயகம் திரும்பிய வார்டு 1883-ம் வருஷத்தில் விவாகம் செய்துகொண்டார். 1885-ம் வருஷத்தில் கூப்பர்ஸ் ஹில் என்னுமிடத்திலிருந்த இந்திய எஞ்சினீரிங் கலாசாலையில் தாவர நூல் ஆசிரியரானார். இந்தியக் காடுகளை நிர்வகிக்க வரும் உத்தியோகஸ்தர்களுக்குப் பயிற்சி அளித்த ஸ்தாபனம் அது. அங்கேதான் அவருடைய இரண்டாவது பெரிய கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. லில்லி மலர்ச் செடியை அழுகச் செய்யும் ஒரு காளானை அவர் ஆராய்ந்து 1888-ம் வருஷத்தில் முடிவுகளை வெளியிட்டார். அக்காளான் செடியின் அணுச்சுவரைப் பலாத்காரமாகத் துளைத்து உட்புகுவதில்லை. தனது நுனியிலிருந்து ஒரு திரவத்தைச் சுரந்து, சுவரைக் கரைத்து வழி செய்துகொள்ளுகிறது. அத்திரவத்தைத் தனியே பிரித்தெடுத்துச் செடியின் திசுக்களில் இட்டாலும் அவை கரைகின்றன. கொதிக்க வைத்துவிட்டால் அதன் சக்தி போய்விடுகிறது. நமது வயிற்றிலே உணவைச் செரிக்கச் செய்யும் நொதியைப் போன்ற ஒன்றே அது என்பது இதனால் விளங்கிற்று. நோய் என்பது இரண்டு ஜீவன்களுக்கு இடையே நிகழும் ரசாயனப் போர் என்ற கருத்து இங்கே உருப்பெற்றது. அவ்வருஷத்திலேயே ராயல் சொசைட்டி அவரை அங்கத்தினராகச் சேர்த்துக்கொண்டது. 1893-ல் அச்சங்கத்தின் ராயல் பதக்கமும் கிடைத்தது. சூரிய வெளிச்சத்திற்குக் கிருமிகளைக் கொல்லும் சக்தியுண்டு என்பதைத் தேம்ஸ் நதி நீரைப் பற்றிய ஆராய்ச்சியின்போது அவர் காட்டியதும் இக்காலத்திலேயாகும்.

1895-ம் வருஷத்தில் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை அவரைத் தாவர நூல் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. தம் கடைசிப் பத்து வருஷங்களை அவர் மறுபடியும் துரு நோய்க்கே அர்ப்பணம் செய்தார். புரோமஸ் என்னும் புல் வகைகளில் ஒரே காளான் ஓர் இனத்தைக் கொல்லாமல் உண்டு செழிக்கிறது, மற்றோர் இனத்தைத் தொட முடிவதில்லை. இதன் காரணம் யாது? இலை தடித்திருப்பதா, ரோமம் அடர்ந்திருப்பதா, துவாரங்கள் குறைந்திருப்பதா என்று ஒவ்வொன்றையும் அளந்து பார்த்து, இவற்றிலொன்றும் காரணமன்று என்று 1902-ம் வருஷத்தில் வெளியிட்டார். எதிர்க்கும் சக்தி அணுவின் உள்ளே, அதன் ஜீவ ரசாயனத்திலேயே இருக்கிறது என்பது அவர் முடிவு. எதிர்க்கும் இனத்திலும் காளான் உள்ளே நுழைந்துவிடுகிறது. ஆனால் தொடப்பட்ட அணுக்கள் உடனே மடிந்துவிடுகின்றன. உயிருள்ள அணுவினிடமன்றி உணவு பெறமுடியாத துருக்காளான், சுற்றிலும் பிணங்களுக்கிடையே அகப்பட்டுத் தானே பட்டினியால் மாள்கிறது. சில அணுக்கள் உயிரை விட்டு முழு இலையையும் காப்பாற்றும் இந்தத் தியாகத்தைப் பிற்கால விஞ்ஞானிகள் விரிவாக ஆராய்ந்து, பயிர்களின் தற்காப்பு முறைகளில் தலையாயதென ஒப்புக்கொண்டுள்ளனர்.

அவர் சொன்ன யாவும் நிலைத்துவிட்டன என்று கூறுவதற்கில்லை. ஓர் இனப் புல்லிலிருந்து மற்றோர் இனத்திற்குத் தாவ, இடைப்பட்ட இனங்கள் காளானுக்குப் பாலமாக உதவிப் பழக்குகின்றன என்று அவர் கருதினார். அமெரிக்காவில் ஸ்டேக்மன் முதலியோர் செய்த ஆராய்ச்சிகள் அக்கருத்தை ஆதரிக்கவில்லை. ஆனால் மூலக் கருத்தோ காலம் செல்லச் செல்ல உறுதிப்பட்டே வந்தது. நோயுற்ற இலை ஆரோக்கியமான இலையைவிட அதிகமாகச் சுவாசித்து, சேமிப்பை எரித்துத் தீர்க்கிறது என்பது பிற்காலத்தில் அளந்து காட்டப்பட்டது. துருப் புள்ளியைச் சுற்றி இலை பழுத்தபோதிலும், காளானிருக்கும் இடம் மட்டும் தீவு போலப் பச்சையாக நிற்பதுண்டு. வேருக்கும் காய்க்கும் செல்ல வேண்டிய சர்க்கரை அத்தீவை நோக்கித் திருப்பப்படுகிறது. 2001-ம் வருஷத்தில் ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் சர்வகலாசாலையார், அவரைச் செடியின் துருக்காளானில், அணுவுக்குள் செலுத்தப்படும் அந்த விரல்களே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும் வாயில்கள் என்பதை நிரூபித்தனர். வார்டு பூதக்கண்ணாடியில் கண்டு ஊகித்ததற்கு ஒரு நூற்றாண்டுக்குப்பின் கிடைத்த சாட்சியம் இது.

காளான் செடியின் கணக்கைக் குலைக்கும் விதம் ஒன்றல்ல. நெற்பயிரில் ஒரு காளான் புகுந்து, நாற்றை அளவுக்கு மீறி உயரமாக வளரச் செய்து வெளிறிச் சாகடிக்கும். அக்காளான் சுரக்கும் வஸ்துவே இதற்குக் காரணமென்று 1926-ம் வருஷத்தில் குரோசாவா என்னும் ஜப்பானியர் காட்டினார். பிற்காலத்தில் ஜிப்ரலின் என்று பெயர் பெற்ற அவ்வஸ்து, ஆரோக்கியமான செடிகளிலும் வளர்ச்சியை நடத்தும் இயற்கைச் சரக்கு என்பது பின்னர் தெரியவந்தது. அதாவது, குடும்பத் தலைவனின் கையெழுத்தைப் போலி செய்து சொத்தைக் கரைப்பவனைப் போல, காளான் செடியின் சொந்த மொழியிலேயே அதற்குப் பொய்க் கட்டளை பிறப்பிக்கிறது. பருத்தியில் வாடல் நோயை உண்டாக்கும் காளானோ வேர் வழியே புகுந்து, நீர் ஏறும் குழாய்களில் குடியேறி விஷத்தைக் கலக்கிறது. இதை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றது நமது சென்னைச் சர்வகலாசாலை. 1913 முதல் 2001 வரை வாழ்ந்த டி. எஸ். சதாசிவன் அவர்களும் அவருடைய மாணவர்களும், பியூஸேரிக் அமிலம் என்னும் நஞ்சு நோயுற்ற பருத்திச் செடியினுள்ளேயே உண்டாகிறது என்பதை 1950-க்குப் பிந்திய வருஷங்களில் கண்டறிந்து, செடியின் சுவாசத்தையும் உப்புச் சத்துக்களையும் அது எவ்வாறு கெடுக்கிறது என்று விளக்கினர். வார்டு ஏற்றிய விளக்கு தமிழ் நாட்டிலும் சுடர்விட்டது என்பதில் நாம் பெருமை கொள்ளலாம்.

இந்த அறிவு நம் ஊர்க் குடியானவனுக்கு எவ்விதம் பயன்படும்? சிலவற்றைக் குறிப்பிடுவோம். 1919-ம் வருஷத்தில் தஞ்சைப் பிரதேசத்தில் நெற்பயிரைக் குலை நோய் பெரிதும் வாட்டிற்று. தழைச்சத்து உரத்தை மிதமிஞ்சிக் கொட்டினால் பயிர் கரும்பச்சையாய்ச் செழித்து நிற்கும். ஆனால் அச்செழிப்பே குலை நோய்க் காளானுக்கு விருந்தாக முடியும். உரத்தைப் பிரித்துப் பிரித்து இடவேண்டுமென்று விவசாய நிபுணர் சொல்வது இதனாலேயே. ரஸ்தாளி வாழைக்கு வரும் வாடல் நோய், குழாய்களை அடைத்துவிடுவதனால், இலை மஞ்சளித்த பிறகு மேலே எதைத் தெளித்தும் பயனில்லை. நோயற்ற கன்றைத் தேர்ந்து நடுவதும், நோய் கண்ட நிலத்தில் பயிரை மாற்றுவதுமே வழி. காப்பியில் 1911-ம் வருஷத்தில் மைசூர்ச் சீமையில் கென்ட் என்னும் தோட்டக்காரர் துருவை எதிர்க்கும் ஒரு செடியைத் தேர்ந்தெடுத்தார். சில வருஷங்களில் காளான் புதிய கிளை ஒன்றைத் தோற்றுவித்து அதையும் வென்றுவிட்டது. ஒரே வகையை எங்கும் நடுவதன் அபாயம் இதனால் மறுபடியும் புலனாயிற்று. காப்பிக்குப் பதிலாக மலைமுழுதும் தேயிலையை நட்ட இலங்கைக்கும் தென்னிந்தியாவுக்கும் 1946-ம் வருஷத்தில் கொப்புள நோய் வந்து சேர்ந்ததும் நினைவில் இருத்தத் தக்கது.

வார்டு ஓய்வென்பதை அறியாதவர். 1904-ம் வருஷத்தில் கேம்பிரிட்ஜில் அவர் முயற்சியால் எழுந்த புதிய தாவரக் கலாசாலைக் கட்டடத்தை ஏழாவது எட்வர்டு மன்னர் திறந்து வைத்தார். அதன் பயனை நெடுநாள் அனுபவிக்க அவருக்கு ஆயுள் இருக்கவில்லை. நோயுற்று 1906-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 26-ந் தேதி, தமது ஐம்பத்திரண்டாவது வயதில், டார்க்கி நகரத்தில் காலஞ்சென்றார். அவருடைய புதல்வர் பிராங்க் கிங்டன்-வார்டு பின்னாளில் அஸ்ஸாம், பர்மா, திபெத் மலைகளில் செடி தேடித் திரிந்து கீர்த்தி பெற்றார்.

இத்தகைய ஒருவரின் வாழ்க்கையினின்றும் நாம் கொள்ள வேண்டிய பாடம் தெளிவானது. வார்டு காப்பியைக் காப்பாற்றவில்லை. கண்ட உண்மையைக் கண்டபடி சொன்னார். அவ்வுண்மை அவரை வேலைக்கு அமர்த்தியவர்களுக்குக் கசந்தது. ஆயினும் அதுவே பின்வந்த நூறு பயிர்களைக் காப்பதற்கு மூலதனமாயிற்று. நம் நாட்டில் பயிர் வாடினால் மருந்துக் கடைக்காரர் நீட்டும் புட்டியை வாங்கித் தெளித்துவிட்டுத் தெய்வத்தின்மேல் பாரத்தைப் போடும் வழக்கம் இன்னும் ஒழிந்தபாடில்லை. புட்டியை விற்பவர் பயிரின் உள்ளே நடப்பதைச் சொல்லமாட்டார். அதைச் சொல்லக்கூடிய ஸ்தாபனங்கள் நமக்கு அருகிலேயே இருக்கின்றன. ஏரலிலிருந்து நெடுந்தூரமில்லாத கிள்ளிகுளத்தில் வ.உ.சி. வேளாண்மைக் கல்லூரி நடைபெறுகிறது. திருச்சியில் வாழைக்கென்றே 1993 முதல் தேசிய ஆராய்ச்சி நிலையம் ஒன்று இயங்கி வருகிறது.

பொதுக் காரியங்களில் ஈடுபட்டுள்ள அன்பர்கள், பயிர் அழிந்தபின் நிவாரணம் கோரி மகஜர் எழுதுவதோடு தங்கள் கடமை தீர்ந்ததென்று எண்ணலாகாது. நோய் கண்ட இலையைக் கிள்ளியெடுத்து அந்நிலையங்களுக்குக் குடியானவர்களை அழைத்துச் செல்லுவதும், அங்குள்ள நிபுணர்களைக் கிராமத்திற்கு வரவழைப்பதும், தம் ஊர்ப் பிள்ளைகளில் கூரிய அறிவுடையோரை இச்சாஸ்திரத்தைக் கற்கத் தூண்டுவதும் தேசத் தொண்டேயாகும். மருந்தில்லை என்று நிபுணர் உண்மை சொல்லும்போது சினவாமல் கேட்கும் பொறுமையும் நமக்கு வேண்டும். இலங்கை முதலாளிகளுக்கு அப்பொறுமை இருக்கவில்லை. அதன் பலனை அவர்களோடு சேர்ந்து, ஒரு பாவமும் அறியாத நம் மக்களும் அனுபவித்தனர்.